மூச்சு வாங்கும் மீன்கள்

"ஏங்க, மறுபடியும் மேல வந்துடுச்சுங்க."

மனைவியின் குரல் கேட்டதும் மேற்பார்வையாளர் பாதி மழித்த முகத்தோடு தோட்டத்துக்கு ஓடினார். குளத்தில் மூன்று மீன்களும் மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீரைப் பீச்சியடிக்க வேண்டிய சின்ன மோட்டார் வழக்கம்போல் நின்றுபோயிருந்தது.

மீன்கள் அவருடையவை அல்ல. அதுதான் வினையே. மனைவியின் அண்ணன் வெளியூர் போகும்போது, "ரெண்டு மாசம் பார்த்துக்குங்க மாப்ளே, உங்களை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார். வீடு வாங்கியபோது கூடவே வந்து, அதுவரை காய்ந்துகிடந்த தோட்டத்துக் குளம் அன்றைக்குத்தான் தண்ணீரைக் கண்டது.

நம்பி என்று சொல்லும்போது மச்சானின் உதட்டோரம் ஒரு சிரிப்பு இருந்தது. இதற்குமுன் அவர் ஒப்படைத்த கிளி பறந்துவிட்டது. ரோஜாச் செடி கருகிவிட்டது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினால் இன்றைக்கும் முதல் பேச்சு அந்தக் கிளியைப் பற்றித்தான். இந்த மூன்றும் மிதந்துவிட்டால் அப்புறம் ஒருவர் முகத்திலும் விழிக்க முடியாது.

"தண்ணியில ஆக்சிஜன் குறைஞ்சா இப்படித்தான் பண்ணுமாம்ப்பா" என்று மகள் கைபேசியைப் பார்த்துச் சொன்னாள். "நல்லா கலக்கி விடணுமாம்."

"யாரைக் கூப்பிடலாம்?"

"நம்ம வீட்டுல யாருப்பா இருக்கா கூப்பிட?"

அலுவலகத்தில் பேனா கீழே விழுந்தாலும் மணி அடித்து ஆள் கூப்பிடுகிறவர் அவர். போன மாதம் டாக்டர், "சக்கரை ஏறிக்கிட்டே போகுது சார், தினமும் கொஞ்சம் நடங்க" என்றபோது, "நேரம் எங்க இருக்கு டாக்டர்" என்று சாய்ந்த நிலையிலேயே பதில் சொன்னவர். இப்போது மணியடிக்க மேசையும் இல்லை, ஆளும் இல்லை. ஒட்டடைக் கம்பை எடுத்துக்கொண்டு குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கலக்கினார்.

கலக்கிய கலக்கில் அடியில் கிடந்த சேறெல்லாம் மேலே வந்தது. குளம் கறுத்து நாறியது. மீன்கள் முன்னைவிட வேகமாக வாயைத் திறந்தன.

"அடியைக் கலக்கினா இருக்கற ஆக்சிஜனும் போயிடுமாம்ப்பா. மேலாகத்தான் கலக்கணுமாம்."

"இதை முன்னாடியே சொல்ல மாட்டியா?"

"இது அடுத்த பக்கத்துல இருந்துச்சுப்பா."

மோட்டாரைப் பார்க்க மெக்கானிக் வந்தார். சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் ஆளுயரத்துக்குப் பீறிட்டது.

"நல்லாத்தானே ஓடுது சார்."

அவர் தெருமுனை திரும்புவதற்குள் மோட்டார் நின்றுவிட்டது. "மோட்டாருக்குக்கூட என்னைக் கண்டா இளக்காரம்" என்றார் மேற்பார்வையாளர்.

"கரண்டு ஏத்த இறக்கமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு மனைவி உள்ளே போனாள்.

சரி, தண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று கலக்குமாம். குழாய்த் தண்ணீரை அப்படியே விட்டால் அதிலுள்ள மருந்து மீனுக்கு ஆகாதாம். ஆகவே கொல்லைக் குழாயில் பிடித்து, வாளி வாளியாக மாடிக்குச் சுமந்து, பீப்பாயில் நிரப்பி, ஒரு நாள் ஆறப்போட்டார். உயரம்தான் முக்கியம் என்றால் மாடியைவிட உயரம் ஏது? மறுநாள் மாடியிலிருந்தே ஒரு வாளியைக் கவிழ்த்தார்.

தண்ணீர் குளத்தில் விழவில்லை, இடித்தது. ஒரு மீன் துள்ளிப் புல்லில் போய் விழுந்தது. மேற்பார்வையாளர் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கி, அதை இரு கைகளாலும் அள்ளி உள்ளே விட்டார். யாருக்கு அதிகமாக மூச்சு வாங்கியது என்று அந்த நேரத்தில் சொல்வது கடினம். அன்றுமுதல் வாளியைக் கீழே கொண்டுவந்து, முக்காலியில் ஏறி நின்று ஊற்றினார்.

பிறகு செடி வாங்கிப் போட்டார். செடி ஆக்சிஜன் தரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது அவர் நினைவில் மிச்சமிருந்த ஒரே பாடம். அது ஒரே வாரத்தில் குளத்தையே மூடிக்கொண்டது. காலையில் பார்த்தால் மிச்சமிருந்த சின்ன இடைவெளியில் மூன்று வாய்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தன.

"இருட்டினா செடியே ஆக்சிஜனை எடுத்துக்குமாம்ப்பா."

"அடுத்த பக்கமா?"

"ஆமாப்பா."

வேட்டியை மடித்துக் கட்டி முழங்கால் தண்ணீரில் இறங்கி, செடியையெல்லாம் பிடுங்கி வெளியே போட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டி, "என்ன சார், விவசாயமா?" என்றார். மேற்பார்வையாளருக்கே சிரிப்பு வந்துவிட்டது. படித்த படிப்பென்ன, பார்க்கும் உத்தியோகமென்ன, மூன்று மீனுக்கு மூச்சு விடச் சொல்லிக்கொடுக்கும் பிழைப்பென்ன.

ஆனாலும் விடவில்லை. காலையில் படியேறி வாளி சுமந்தார். மாலையில் அலுவலகம் விட்டதும் குளத்தைச் சுற்றி நடந்து மேலாகக் கலக்கினார். விளிம்பில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் அந்த மூன்றையும் காணாமல் இருக்கவும் முடியவில்லை. வரவரக் கால்சட்டை இடுப்பில் நிற்க மறுத்தது. பெல்ட்டில் புது ஓட்டை போட வேண்டியிருந்தது.

கவலை ஆளை அரித்துவிட்டது என்று பயந்துபோனார். மச்சானும் பூசணிக்காய் மாதிரி இருந்து, மீன் வளர்க்கத் தொடங்கிய பிறகு இளைத்தவர்தான். அது கஞ்சத்தனத்தால் வந்தது என்று மேற்பார்வையாளர் எப்போதோ முடிவு கட்டியிருந்தார். தனக்கு அப்படியில்லை, ஏதோ பெரிய வியாதி. மனைவியைக் கூட்டிக்கொண்டு டாக்டரிடம் போனார்.

"மீனைக் காப்பாத்தப் போய் நான் கருவாடாயிட்டேன் டாக்டர். மறைக்காம சொல்லுங்க, எனக்கு என்ன ஆச்சு?"

டாக்டர் ரத்தப் பரிசோதனை முடிவை நிதானமாகப் பார்த்தார். "சக்கரை இறங்கியிருக்கு. பிரஷர் இறங்கியிருக்கு. எடையும் இறங்கியிருக்கு. இப்படியே தினமும் நடந்துக்கிட்டு இருந்தா மாத்திரையைக் குறைச்சிடலாம்."

"நடையா? நான் எங்க டாக்டர் நடந்தேன்? மீனுக்கே நேரம் சரியா இருக்கு."

டாக்டர் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"இவருக்கு இனிமே வேண்டாம்மா, என் மூணு மீனையும் குடுத்தனுப்பிடுங்க, உங்க அண்ணன் முடிச்சு இவரும் முடிச்சாச்சு, அடுத்த பேஷண்ட் வெளிய சாய்ஞ்சு உட்கார்ந்திருக்கார், மோட்டாரை எப்பெப்ப அணைக்கணும்னு மட்டும் அவர் வீட்டம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."