இருபது லிட்டர் கோபம்

டூட்டி முடிந்து வந்து பாத்ரூம் கதவைத் திறந்த நாகவள்ளியை ஒரு கை தடுத்தது.

ஐந்து விரல்களையும் விரித்துக்கொண்டு, 'நில்' என்று சொல்வதுபோல நின்றது அது. வெள்ளை ரப்பர் கை. ஆஸ்பத்திரியில் அவள் போட்டுக்கொள்கிற கையுறை. இருபது லிட்டர் தண்ணீர் கேனின் வாயில் அதை மாட்டி, ரப்பர் பேண்டு சுற்றி இறுக்கியிருந்தது. ஊதிப் பெருத்து லேசாக ஆடியது. கேனுக்குள் கருஞ்சிவப்பாக ஏதோ நுரைத்துக்கொண்டிருந்தது.

"ஏங்க!"

லீவு நாளென்று ஹாலில் சோபாவில் படுத்திருந்த பாலகுரு குதித்து எழுந்து ஓடி வந்தான்.

"என்ன இது?"

"திராட்சை ஜூஸ்."

"ஜூஸுக்கு எதுக்குங்க கிளவுஸு?"

"காத்து உள்ள போகக்கூடாதுல்ல? யூட்யூப்ல அந்த ஆளு அப்படித்தான் மாட்டுனான்." பாலகுருவின் முகத்தில் முதல் பிள்ளையைப் பார்த்த பெருமை. "காலைல நீ கிளம்புனதும் ஆரம்பிச்சேன் வள்ளி. பத்து நாள்ல ஒயினு. அவனோட கிளவுஸு எந்திரிச்சு நிக்கவே ரெண்டு நாள் ஆச்சு. நம்மளது எட்டு மணி நேரத்துல நின்னுருச்சு பாரு!"

"ஈஸ்ட் எவ்வளவு போட்டீங்க?"

"அவன் ஒரு ஸ்பூன்னு சொன்னான். நான் டப்பாவோட கொட்டிட்டேன்."

நாகவள்ளி கண்ணை மூடித் திறந்தாள். காலையிலிருந்து எட்டு மணி நேரம் நின்ற கால். ஞாயிற்றுக்கிழமை தலைமை நர்ஸ் வேலைக்கு இன்டர்வியூ. ஆறு வருடமாகக் காத்திருந்த வேலை அது. மதுவுக்கே தடை உள்ள இந்தக் குவைத்தில் இந்தச் சமாச்சாரம் வெளியே தெரிந்தால் இன்டர்வியூவாவது ஒன்றாவது, இரண்டு பேருக்கும் ஒரே ப்ளைட்டில் டிக்கெட்.

"கொட்டுங்க."

"வள்ளி, பத்தே பத்து நாள்..."

"இப்பவே கொட்டுங்க!"

"உனக்கு எங்க புரியும்? பன்னெண்டு வருஷமா ஸ்டோர்ல உக்காந்து அடுத்தவன் சாமானுக்குக் காவல் காக்குறேன். நம்மளா ஒண்ணு செய்யலாம்னு பாத்தா..."

"செய்யுங்க. முறுக்கு செய்யுங்க. எவன் வேணாம்னான்?"

சொல்லிக்கொண்டே அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவி அந்தக் கையின் நடுவிரலில் குத்தினாள். அதுதான் அன்றைய முதல் தவறு.

கை 'டப்'பென்று வெடித்தது. உள்ளே அடைபட்டிருந்த நுரை கூரையைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்து, பாதியை அவளுடைய வெள்ளை யூனிஃபார்மிலும் மீதியைத் துண்டு, டூத்பிரஷ், கண்ணாடி என்று எல்லாவற்றிலும் பகிர்ந்து கொடுத்தது. தலையிலிருந்து ஒரு திராட்சைத் தோல் மெல்ல இறங்கி அவள் மூக்கு நுனியில் நின்றது.

பாலகுருவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிச்சீங்க, கொன்னுபுடுவேன்" என்றாள் நாகவள்ளி. சிரிப்பு நின்றது.

கேனைச் சாய்த்து அவளே டாய்லெட்டில் ஊற்றினாள். பாதி இறங்கியதும் நுரை பொங்கி விளிம்புக்கு வந்தது. வாடையோ அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. புளித்த மாவும் அழுகிய பழமும் கைகோத்துக்கொண்டு நடந்தாற்போல ஒரு வாடை. பாத்ரூம் ஜன்னல் திறப்பது கட்டடத்தின் நடுவே இருக்கும் காற்றுக்குழிக்குள். நான்கு மாடிக்கும் ஒரே குழி. இவர்கள் வீடு தரைத்தளம்.

"போதும், நிறுத்து. மேல போகுது வாடை" என்றான் பாலகுரு.

வாடையை வாடையால்தான் அமுக்க வேண்டும் என்று நாகவள்ளிக்குத் தோன்றியது. ஃப்ரீசரைத் திறந்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த நெத்திலிக் கருவாடு, ஒரு பை. மொத்தத்தையும் சட்டியில் போட்டு அடுப்பைப் பெரிதாக வைத்தாள். கோபத்தில் எண்ணெய் ஊற்ற மறந்துவிட்டாள்.

ஐந்து நிமிடத்தில் வீட்டுக்குள் ஆள் முகம் ஆளுக்குத் தெரியவில்லை. காலிங் பெல் அடித்தது.

இரண்டாம் மாடி விஜயபாஸ்கர். நெற்றியில் சந்தனம், கையில் கைக்குட்டை. சனிக்கிழமைதோறும் அந்தக் கட்டடத்தில் பஜனை நடத்துகிறவர் அவர். கட்டடத்தின் வாட்ஸப் குழுவில் தினமும் காலையில் ஒழுக்கம் பற்றி ஒரு செய்தி அனுப்புகிறவரும் அவரே.

"என்னம்மா இது புகை? அதோட வேற ஏதோ வாடை வருதே?" என்று மூக்கை உறிஞ்சினார். "புளிச்ச மாதிரி..."

"பைப் அடைச்சிருக்கு சார்" என்றாள் நாகவள்ளி பளிச்சென்று. "சாக்கடை வாடை. அதுக்குத்தான் கருவாடு."

"பைப்பா?" விஜயபாஸ்கரின் முகம் வெளுத்தது. "எந்தப் பைப்பு? பாத்ரூம் பைப்பா?"

"ஆமா சார். ஹாரிஸைக் கூப்பிடலாம்னு..."

"ஹாரிஸ் எதுக்கும்மா? சின்ன விஷயம், தானா சரியாயிடும்" என்றவர், லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல் படியில் இரண்டு இரண்டாகத் தாவி ஏறினார். அறுபது வயதில் மனுஷனுக்கு என்ன வேகம் என்று நாகவள்ளி நினைத்துக்கொண்டாள்.

ஆனால் ஹாரிஸைக் கூப்பிட வேண்டியே இருக்கவில்லை. ஹாரிஸ் என்று எல்லோரும் அரபியில் கூப்பிடுகிற கட்டடக் காவலாளி மஹதி கருவாட்டுப் புகையைப் பார்த்துத் தீ என்று நினைத்து, தீயணைப்பு சிலிண்டரோடு வந்துகொண்டிருந்தான். வாசலில் அவன் செருப்புச் சத்தம்.

"மிச்சம் பாதி கேனு!" என்று கிசுகிசுத்தான் பாலகுரு.

"கட்டில்ல போடுங்க!"

கேனின் கிழிந்த கையுறையை எடுத்துவிட்டு மூடியைத் திருகி, கட்டிலில் கிடத்தி, கழுத்துவரை கம்பளியைப் போர்த்தினார்கள். மஹதி உள்ளே வந்துவிட்டான். அடுப்பை எட்டிப் பார்த்தான், பாத்ரூமை எட்டிப் பார்த்தான், படுக்கையறையையும் எட்டிப் பார்த்தான்.

"இது யாரு?"

"மாமியார்" என்றாள் நாகவள்ளி. "ஜுரம். சிக்."

"மாமா சிக்?" எகிப்துக்காரனான மஹதி அம்மாவைத்தான் மாமா என்பான். அவன் முகம் இளகியது. "எப்ப வந்தாங்க? நான் பார்க்கலையே?"

கம்பளி 'புளுக்' என்றது.

"பாவம்" என்றான் மஹதி, கண் கலங்க. "வயிறு."

பாலகுரு தலையைக் குனிந்து தோளைக் குலுக்கினான். அழுகிறான் என்று நினைத்து மஹதி அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தான். பிறகு மூக்கைச் சுளித்தான்.

"மேடம், புகை கலாஸ், முடிஞ்சுது. இந்த வேற வாடை என்ன?"

"பைப்" என்றாள் நாகவள்ளி. ஒரு முறை சொன்ன பொய்யை மாற்ற முடியாது. "மேலேருந்து அடைப்பு. உங்க கட்டடம், உங்க பைப்பு. ரெண்டு மாசமா நாங்க நாத்தத்துல கிடக்கோம்! கேக்க ஆளில்ல!"

கத்தியதில் அவளுக்கே அது உண்மை என்று நம்பிக்கை வந்துவிட்டது. மஹதி மிரண்டுபோனான். முதலாளி காதுக்குப் போனால் அவன் வேலைக்கு ஆபத்து. உடனே பிளம்பருக்குப் போன் போட்டான். அதோடு விடாமல் படிக்கட்டில் நின்று, தனக்குத் தெரிந்த எல்லா மொழியிலும் மேல்நோக்கிக் கூவினான்: "பாத்ரூம் செக்கிங்! எல்லா வீடும்! யல்லா, தர்வாஜா கோலோ, கதவைத் திற! நான் வர்றேன்!"

"நல்லா வேணும்" என்றான் பாலகுரு. "இப்ப ஊரையே கூட்டியாச்சு. பேசாம நான் சொன்ன மாதிரி விட்டிருந்தா அது பாட்டுக்கு மூலைல நின்னுருக்கும்."

"பேசாதீங்க!"

பத்து நிமிடம் கூட ஆகியிருக்காது. பாத்ரூம் தரையில் தண்ணீர் போகிற ஓட்டையிலிருந்து 'கொளகொள'வென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்த நாகவள்ளி அலறினாள்.

நுரை. முதலில் ஒரு தட்டளவு. அப்புறம் ஒரு குடத்தளவு. சிவப்பாக வந்தது, மஞ்சளாக மாறியது, அப்புறம் வெள்ளையாகப் பொங்கியது. அதில் மிதந்துகொண்டு வந்தன பழத் துண்டுகள், வெந்த சோற்றுப் பருக்கைகள், உப்பிய உலர்திராட்சைகள்.

"என்னய்யா போட்ட இதுல?" மரியாதை காற்றில் போனது. "சோறுமா?"

"நான் சோறு போடலடி!"

"அன்னாசிப்பழம் மிதக்குதே, அது எங்கேருந்து வந்துச்சு? உங்கப்பா அனுப்புனாரா?"

"சத்தியமா திராட்சையும் சர்க்கரையும் ஈஸ்ட்டும்தான் வள்ளி!"

"பொய்! இந்த வாயில ஒரு உண்மை வருதா? பாதி கேனு ஊத்துனேன், பத்து கேனு வந்துக்கிட்டிருக்கு. நீ போட்ட ஈஸ்டுக்கு இந்த ஃபஹாஹீல் ஏரியாவே உப்பிப்போகும்!"

நுரை வாசற்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்தது. துண்டு போட்டாள், நனைந்தது. பெட்ஷீட் போட்டாள், மிதந்தது. ப்ளீச் பாட்டிலைக் கவிழ்த்தாள். வாடை வேறு வடிவம் எடுத்தது, இருவரும் இருமினார்கள். மாப்பு கேட்க முதல் மாடிக்கு ஓடினாள். அங்கே சந்தியா கதவை நாலு விரல் மட்டும் திறந்தாள். தலைமுடி கலைந்து, நைட்டி முழங்கால்வரை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

"சந்தியா, எங்க வீட்டுல..."

"எங்க வீட்டுல ஒண்ணுமில்லக்கா!" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டாள்.

ஒரு மாப்பு கொடுக்க மனமில்லை. தன் மானம் அதற்குள் முதல் மாடிவரைக்கும் போய்விட்டது என்று நாகவள்ளிக்குப் புரிந்தது. படியிலேயே உட்கார்ந்து அழுதாள். அழுகையிலும் கோபம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை, தலைமை நர்ஸ், ஆறு வருடம் எல்லாம் அந்த ஓட்டை வழியாகப் பொங்கிப் போய்விட்டன.

கீழே இறங்கி வந்தபோது பிளம்பர் ஃபவாஸ் வந்திருந்தான். அதிராம்பட்டினத்துக்காரன். அந்தத் தெருவில் எல்லாக் கட்டடக் குழாய்களும் அவனுக்கு அத்துப்படி. பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, நுரையில் நின்றபடி நீண்ட ஸ்பிரிங் கம்பியை ஓட்டைக்குள் விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தான். பாலகுரு ஒரு மூலையில், தண்டனை கிடைத்த பையன்போலப் பக்கெட்டோடு நின்றான்.

கம்பியை வெளியே இழுத்தான் ஃபவாஸ். நுனியில் சிக்கியிருந்ததை விரலில் எடுத்துப் பார்த்தான். முகர்ந்தான். மெதுவாகத் திரும்பி நாகவள்ளியைப் பார்த்தான்.

அவளால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"தம்பி, உங்ககிட்ட மறைக்கல. இவருதான். இன்னைக்குத்தான் மொதல் தடவை. திராட்சையில என்னமோ செஞ்சு வச்சிருந்தாரு. நான்தான் கொட்டுனேன். யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. என் வேலையே போயிடும். இந்தக் கட்டடத்துல எல்லாம் நல்ல குடும்பங்க. எங்களாலதான் இப்படி..."

"மொதல் தடவையா?" என்றான் ஃபவாஸ்.

"இனிமே கிடையவே கிடையாது" என்றாள் நாகவள்ளி. பாலகுரு அவசரமாகத் தலையாட்டினான்.

ஃபவாஸ் கம்பியைச் சுருட்டித் தோளில் மாட்டினான். சட்டைப்பையில் அவன் போன் அடித்தது. எடுத்துப் பார்த்து, பெருமூச்சு விட்டு, மறுபடி உள்ளே வைத்தான்.

"அழாதீங்கக்கா. ஹாரிஸ் செக்கிங்னு கத்துனதும் மேல இருக்குற ஏழு வீட்டுலயும் ஒரே நேரத்துல கொட்டிருக்காங்க, 'பைப் அடைச்சிருக்கு, சத்தமில்லாம வா'ன்னு ஏழு பேரும் தனித்தனியா எனக்குப் போன் போட்டாச்சு. உங்க திராட்சை எப்பவோ கடலுக்குப் போய்ச் சேந்துருச்சு, நீங்க இவ்வளவு நேரமா தொடைக்கிறது விஜயபாஸ்கர் சாரோட அன்னாசிய."