மதகை மூடிய மகாராஜாவும் மாண்புமிகு பிரதிநிதிகளும்

ஒரு நாடகம் அரங்கேற என்னென்ன வேண்டும் என்று வெளியூர்க்காரர்களைக் கேட்டால் கதை, நடிகர், திரை, விளக்கு என்று ஏதேதோ சொல்வார்கள். பாவம், அனுபவமில்லாதவர்கள். கோலசிலாங்கூர் வட்டாரத்தில் நாடகம் அரங்கேற முதலில் ஒரு பிரமுகர் வேண்டும். அவருக்கு ஒரு மாலை வேண்டும். மாலையைப் போட இன்னொரு பிரமுகர் வேண்டும். அந்த இன்னொருவர் மனம் கோணாமல் இருக்க அவருக்கும் ஒரு மாலை வேண்டும். இவ்வளவும் அமைந்த பிறகு நேரம் மிச்சமிருந்தால் நாடகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பது நெடுநாளைய வழக்கம். இதில் யாரும் குறை கண்டதில்லை, செல்லன் ஒருவனைத் தவிர.

செல்லன் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலைகளை ஏற்றும் லோரி ஓட்டுபவன். நாடகத்தில் அவன் வாயிற்காவலன். ஒரு நாடகத்தில் அல்ல, எல்லா நாடகத்திலும். ஈட்டியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்க அவனை விட்டால் ஆளில்லை என்று புகழ்ந்து புகழ்ந்தே ஆண்டுதோறும் அவனை வாய் திறக்க விடாமல் பார்த்துக்கொண்டார்கள். ஓர் ஆண்டு சமூக நாடகம் போட்டபோது, நல்ல மனசோடு அவனை ஒரு வங்கி வாசலில் நிற்கவைத்தார்கள்.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, அந்த ஆண்டு நாடகப் பருவத்தில் மன்னராக நடித்துவந்த தங்கராஜு ஜொகூருக்கு வேலை மாறிப் போய்விட்டான். அவனுடைய ராஜ உடை வேறு யாருக்கும் பொருந்தவில்லை. செல்லனுக்குப் பொருந்தியது. கலையுலகில் இதைத்தான் திறமைக்குக் கிடைத்த வாய்ப்பு என்பார்கள்.

நாடகத்தின் பெயர் ‘மதகை மூடிய மகாராஜா’. எழுதி இயக்கியவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் அப்பளசாமி. தன் பூந்தோட்டத்துக்காக ஏரி மதகை அடைத்து ஊரைக் காயப்போட்ட மன்னன், கடைசிக் காட்சியில் மனம் திருந்தி மக்கள் முன் நிற்கிறான். “குற்றம் என்னுடையது. இனி ஒரு நொடியும் பொறுக்கமாட்டேன். மதகைத் திறந்துவிடுங்கள். முதல் தண்ணீர் கடைக்கோடி வயலுக்குப் போகட்டும்” என்று தொடங்கும் வசனம் இரண்டு பக்கம் நீளும். செல்லன் அதை லோரியில் சொல்லிப் பழகினான். தனியாகக் கர்ஜித்துக்கொண்டே போகிறவனுக்கு, பாசிர் பெனம்பாங் பக்கம் மீன் லோரிக்காரர்களெல்லாம் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மனைவி வேலம்மா வாய்க்கு வாய் கேலி செய்தாளே தவிர, புக்கிட் பெலிம்பிங்கிலிருந்த தன் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் சொல்லி அனுப்பிவிட்டாள். கல்யாணத்தன்றே “மாப்பிள்ளை ஊமையா?” என்று கேட்டவர்கள் அவர்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் நாடகத்துக்கு வந்து அந்தச் சந்தேகத்தை உறுதி செய்துகொண்டு போனவர்கள்.

“இந்தத் தடவையாச்சும் அவங்க காதுல விழுற மாதிரி பேசிடுங்க” என்றாள் வேலம்மா.

“ரெண்டு பக்கம் பேசுறேன் வேலம்மா. போதும் போதும்னு அவங்களே சொல்லணும்.”

விழாக் குழுத் தலைவர் உமாபதி, தோட்டத்து அலுவலகக் கணக்கெழுதும் கிராணி. அவர் அச்சடித்த சுவரொட்டியில் அந்தப் பருவத்துக்கான மூன்று நாடகங்களும் இருந்தன. முதலில் ‘மதகை மூடிய மகாராஜா’. அடுத்து பாட்டும் கூத்துமாக ‘செம்பனைக் காட்டுச் செல்வி’. மூன்றாவது ‘இருட்டில் ஓர் ஈ’; இது நவீன நாடகம், ஆகவே யாரும் பேசமாட்டார்கள், விளக்கும் எரியாது. சுவரொட்டியின் முக்கால் பங்கை, விழாவுக்குத் தலைமை தாங்கவிருந்த பட்டம் பெற்ற பிரமுகர் டத்தோவின் படம் அடைத்திருந்தது. மூன்றிலும் டத்தோதான் கதாநாயகன் என்று நினைத்துப் பலர் முன்கூட்டியே சீட்டு வாங்கினார்கள்.

அரங்கேற்ற நாள் வந்தது. மண்டபம் மதியம் இரண்டு மணியிலிருந்து ஆறு மணி வரைதான். ஆறு மணிக்குப் பூப்பந்து ஆடுகிறவர்கள் வந்துவிடுவார்கள். மூன்றரை வரை டத்தோ வரவில்லை. பிறகு ஒரு கார் வந்தது. அதிலிருந்து சட்டைக் கை மடித்த ஓர் இளைஞன் இறங்கினான்.

“தம்பி, டத்தோ எங்க?” என்றார் உமாபதி.

“டத்தோவுக்கு ஷா ஆலாம்ல மீட்டிங்கு. அவருக்குப் பதிலா செயலாளர் நாராயணசாமி ஐயா வர்றாரு.”

“செயலாளர் எங்க?”

“அவருக்கு ரவாங்குல ஒரு காதுகுத்து லா. அவருக்குப் பதிலா என்னை அனுப்புனாரு. நான் அவரு கார் ஓட்டுறேன். பேரு சேதுங்க.”

உமாபதி ஒரு கணம் யோசித்தார். பிறகு இடுப்பு வளைய ஒரு கும்பிடு போட்டார். “மாண்புமிகு டத்தோ அவர்கள் வந்துவிட்டார்கள்” என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். பிரதிநிதி வந்தால் பெரியவரே வந்த மாதிரி என்பது விழாக் குழுவின் சட்டம்.

நிகழ்ச்சி நிரலின்படி டத்தோவுக்கு நாராயணசாமி மாலை அணிவிக்க வேண்டும். இரண்டு பேரும் இப்போது சேதுதான். நிரலை மாற்றத் தலைவருக்கு அதிகாரம் கிடையாது. எனவே சேது மாலையை வாங்கி, தன் கழுத்தில் தானே போட்டுக்கொண்டு, தனக்குத் தானே கைகொடுத்துக்கொண்டான். அந்த வருடம் வட்டாரம் முழுக்க வீடியோ மோகம் பிடித்து ஆட்டிய வருடம். வீடியோக்காரர், “முகம் மறைஞ்சிருச்சி, இன்னொரு வாட்டி” என்றார். சேது கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான். இரண்டாம் முறை பூரிப்பு இன்னும் நன்றாக இருந்தது.

அடுத்து நாராயணசாமியின் வரவேற்புரை. “டத்தோ அவர்களே, தங்கள் வருகையால் இவ்வட்டாரமே புனிதமடைந்தது” என்று காலி நாற்காலியைப் பார்த்து வாசித்த சேது, வாசித்து முடித்ததும் ஓடிப்போய் அதில் உட்கார்ந்து புன்னகைத்தான். பிறகு எழுந்து வந்து டத்தோவின் சிறப்புரையை வாசித்தான். “சென்ற மாதம் நான் லண்டன் சென்றிருந்தபோது” என்ற இடத்தில் கூட்டம் கைதட்டியது. கிள்ளானைத் தாண்டாத சேதுவுக்கு அந்தக் கைதட்டல் என்னவோ செய்துவிட்டது. லண்டனில் குளிர் அதிகம், ரொட்டி சானாய் கிடைக்கவில்லை என்று உரையில் இல்லாத சங்கதிகளையும் அரை மணி நேரம் சேர்த்துச் சொன்னான்.

திரைக்குப் பின்னால் கிரீடத்தோடு செல்லன் வேர்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மணிக்கு உமாபதி ஓடிவந்தார்.

“வாத்தியாரே, நேரமில்ல. நாடகத்தைக் கொஞ்சம் சுருக்கணும்.”

“ரெண்டரை மணி நேர நாடகம் ஐயா. எப்படிச் சுருக்குறது?” என்றார் அப்பளசாமி.

“டத்தோவுக்கே ஒரு பிரதிநிதி போதும்னா, நாடகத்துக்குப் போதாதா? அஞ்சு அங்கத்துக்கும் பிரதிநிதியா கடைசி அங்கத்தைப் போடுங்க.”

அப்பளசாமி படித்தவர், எனவே தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டார். அதற்குள் நன்றியுரை தொடங்கிவிட்டது. சேது டத்தோவாக ஒரு முறையும் செயலாளராக ஒரு முறையும் நன்றி சொன்னான். உமாபதி மறுபடி வந்தார். அங்கத்துக்குப் பிரதிநிதியாகக் காட்சி ஆனது. காட்சிக்குப் பிரதிநிதியாக வசனம் ஆனது. ராணிக்குப் பிரதிநிதியாக நாற்காலியில் அவளுடைய கிரீடத்தை வைத்தார்கள். ராணியாக நடிக்க வந்த ரமணி, பசி பொறுக்காமல் சாப்பிடப் போய்விட்டாள்.

“மணி அஞ்சு அம்பத்தெட்டு” என்றார் உமாபதி. “செல்லா, ஒரே ஒரு வரி சொல்லிட்டு வந்துடு.”

“ஐயா, ரெண்டு பக்கம் ஐயா.” செல்லன் திரையிடுக்கு வழியாகக் கூட்டத்தைக் காட்டினான். “சொந்தக்காரங்கல்லாம் வந்திருக்காங்க.”

“முதல் வரியைச் சொல்லு. மத்ததுக்கெல்லாம் அதான் பிரதிநிதி.”

திரை விலகியது. முன்வரிசையில் பூப்பந்துக்காரர்கள் மட்டையோடு நின்றார்கள். இத்தனை ஆண்டு ஊமையாக நின்ற வயிற்றெரிச்சல் எல்லாம் ஒன்று திரள, செல்லன் மார்பில் அறைந்துகொண்டு முழங்கினான்.

“குற்றம் என்னுடையது.”

அந்த வட்டார மேடைகளில் எத்தனையோ பேர் எதையெதையோ பேசியிருக்கிறார்கள். இந்த வாக்கியத்தை ஒருவரும் சொன்னதில்லை. நாடகம் தொடங்கியது யாருக்கும் தெரியாததால், நாலு மணி நேரம் காக்கவைத்ததற்கு விழாக் குழுதான் இப்படிக் கிரீடம் வைத்து மன்னிப்புக் கேட்கிறது என்று கூட்டம் நினைத்துவிட்டது. எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். சீட்டுப் பணத்தைத் திருப்பிக் கேட்க வரிசையில் நின்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கலைந்து போனார்கள். புக்கிட் பெலிம்பிங் சொந்தக்காரர்கள், “மாப்பிள்ளை பேசிட்டாரு” என்று வேலம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். செல்லன் இரண்டாவது வரிக்கு மூச்சை இழுத்தபோது விளக்கை அணைத்துவிட்டார்கள்.

விஷயம் மேலிடத்துக்குப் போனது. யார் அனுமதித்தது என்று விசாரணை வரும் என்று உமாபதி நடுங்கிக்கொண்டிருந்தார். ஆனால் வந்தது அழைப்பு. ஓர் ஊரில் சாலை போட்டு ஒரு மாதத்தில் பெயர்ந்துவிட்டது, மக்கள் கொதிக்கிறார்கள், அந்த மகாராஜாவை அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார்கள். செல்லன் போனான். கிரீடம், மீசை, வாள் எல்லாவற்றோடும் பெயர்ந்த சாலையில் நின்று, “குற்றம் என்னுடையது” என்றான். மக்கள் தட்டினார்கள், மாலை போட்டார்கள், பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

அதன் பிறகு அவனுக்கு ஓய்வில்லை. பேருந்து வராத ஊர், டாக்டர் வராத மருந்தகம், கூரை ஒழுகும் பள்ளி என்று வட சிலாங்கூர் முழுக்க மகாராஜா பவனி வந்தார். அந்தப் பருவத்து மற்ற இரண்டு நாடகங்களுக்கும் அவனையே பிரதிநிதியாக்கிவிட்டார்கள். ‘இருட்டில் ஓர் ஈ’ பார்க்க வந்தவர்கள், நவீன நாடகம் இவ்வளவு தெளிவாகப் புரிந்தது இதுவே முதல் தடவை என்றார்கள்.

புகழ் யாருக்குக் கசக்கும்? செல்லனுக்கும் இனித்தது. ஆனால் இரவில் படுத்தால் மிச்ச வசனம் நெஞ்சுக்குள் முட்டியது. ஒருநாள் உமாபதியிடம் கேட்டே விட்டான்.

“ஐயா, அடுத்த வரியையும் சொல்லிடறேனே. மதகைத் திறக்கிறது.”

“அதுக்கு மேலிடத்துல அனுமதி கேட்டிருக்கு. பரிசீலனையில இருக்கு.”

“ஒரு வரிதானே ஐயா.”

“நீ புரியாம பேசுற செல்லா. குற்றம்னு சொன்னா யாருக்கும் செலவில்ல. மதகைத் திறன்னு சொன்னா பட்ஜெட் வேணும் லா.”

அந்த வறட்சி மாதத்தில் செல்லன் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளிலேயே குழாய் நின்றது. ஒரு வாரம் சொட்டுத் தண்ணீர் இல்லை. பெண்கள் வாளிகளோடு பொதுக் குழாயடியில் கூடிச் சத்தம் போட்டார்கள். சம்பந்தப்பட்ட அலுவலகம் உடனடியாக நடவடிக்கை எடுத்தது. செல்லனை அனுப்பியது.

கிரீடத்தோடு வந்து நின்றவனுக்கு எதிரே முதல் வரிசையில் வேலம்மா. தலைக்கு ஊற்றி ஒரு வாரமான முகம். செல்லனுக்கு அவமானத்தில் உடம்பு கூசியது. போதும் என்று தீர்மானித்தான். இங்கே அணைக்க ஒலிபெருக்கியும் இல்லை, விளக்கும் இல்லை. இரண்டு பக்கத்தையும் சொல்லிவிடுவது, பிறகு எல்லோரையும் கூட்டிக்கொண்டு அந்த அலுவலகத்துக்கே போய் நிற்பது. இதைவிட நல்ல மேடை தனக்குக் கிடைக்காது என்று அவனுக்குத் தெரிந்தது.

“குற்றம் என்னுடையது” என்றான். உடனே நிறுத்தாமல், “இனி ஒரு நொடியும் பொறுக்கமாட்டேன், மதகைத் திறந்து” என்று ஆரம்பித்தான்.

ஒருவருக்கும் கேட்கவில்லை. முதல் வரிக்கே கைதட்டல் கிளம்பிவிட்டது. செல்லன் கையை உயர்த்தினான். நடிப்பு என்று நினைத்து இன்னும் பலமாகத் தட்டினார்கள். தொண்டை கிழியக் கத்தினான். உணர்ச்சிவசப்பட்டுவிட்டான் என்று சிலர் அழுதார்கள். அவன் வேலம்மாவைப் பார்த்தான். அவளாவது கேட்கமாட்டாளா என்று அவளிடமே சொன்னான், மதகைத் திறங்கள் என்று, நேராக அவள் முகத்தைப் பார்த்து.

வேலம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு கையும் வேண்டியிருந்ததால், காலி வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள்.