படையல் வடையும் சுட்டெண் வட்டியும்

செத்தவீட்டில் பாடம் எடுத்தவர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்களோ தெரியாது. நான் ஒருத்தி இருக்கிறேன். படைப்பதற்கு வைத்திருந்த வடையைக் கையில் எடுத்து, செத்தவருடைய படத்துக்கு முன்னாலேயே, அவருக்கு ஏன் வட்டி கிடைக்கவில்லை என்று மூன்று பெரியவர்களுக்கு விளங்கப்படுத்தியிருக்கிறேன். இதை நான் எழுதாவிட்டால் எங்கள் குடும்பத்தில் வேறு யாராவது எழுதிவிடுவார்கள். அவர்கள் கையில் கதை இன்னும் மோசமாகும் என்பதால் நானே எழுதிவிடுகிறேன்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. டோர்ட்மண்டில் ஒரு காப்புறுதி முகவரின் கந்தோரில் அவுஸ்பில்டுங் என்கிற மூன்று வருடத் தொழிற்பயிற்சி முடித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்திருந்தேன். சம்பளம் வந்த முதல் மாதமே சாம்பல் நிறத்தில் ஒரு கோட்டு வாங்கினேன். தமிழ்க் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போகும்போதும் அதைப் போட்டுக்கொண்டுதான் போவேன். (கடைக்காரர் நான் சுகாதாரப் பரிசோதனைக்கு வந்ததாக நினைத்து ஒருமுறை அழுகின தக்காளியை ஒளித்து வைத்தார்.)

என் முதல் வாடிக்கையாளர் சித்தப்பா, அப்பாவின் தம்பி. ரொட்டித் தொழிற்சாலை ஒன்றில் இருபது வருடமாக வேலை செய்தவர். அவருக்கு நான் விற்றது சுட்டெண் காப்புறுதி. ஆயுள் காப்புறுதியும் ஓய்வுகாலச் சேமிப்பும் சேர்ந்தது அது. வருடாவருடம் கிடைக்கும் வட்டியைப் பங்குச்சந்தையின் சுட்டெண்ணை வைத்துக் கணக்கிடுவார்கள்.

"சந்தை ஏறினால் உங்களுக்கும் ஏறும், சித்தப்பா. விழுந்தால் உங்களுக்கு ஒண்டும் நடக்காது. சைபருக்குக் கீழை போகாது" என்று சொன்னேன்.

இரண்டும் உண்மை. ஆனால் மூன்றாவதாக ஒரு விஷயமும் இருந்தது. அது விளக்கப் புத்தகத்தின் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடத்தோடு இருந்தது. அந்தப் பக்கத்தை நான் பரீட்சைக்கு வரி பிசகாமல் பாடமாக்கியிருந்தேன். பாடமாக்கியது விளங்கியதா என்று பரீட்சையில் ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சித்தப்பா கையெழுத்து வைத்ததோடு நிற்கவில்லை. "என்ர பெறாமகள் செய்யிறாள்" என்று சொல்லித் தன்னுடைய சிநேகிதர்கள் மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களில் மூத்தவர் யோகன் மாமா. சித்தப்பாவின் வார்த்தைக்காக மூன்று பேரும் கையெழுத்து வைத்தார்கள்.

அதற்குப் பிறகு சித்தப்பா ஒவ்வொரு நாளும் மாலைச் செய்திக்கு முன்னால் தொலைக்காட்சியில் சந்தை நிலவரம் பார்க்கத் தொடங்கினார். கிரிக்கெட் ஸ்கோர் சொல்வதுபோல யோகன் மாமாவுக்குத் தொலைபேசி எடுத்து, "இண்டைக்கும் ஏறியிருக்கு" என்பார். வருடம் முடிந்தபோது சுட்டெண் எட்டு வீதம் ஏறியிருந்தது. பிறகு கடிதம் வந்தது. அவருடைய வட்டி: சைபர்.

அன்றைக்கே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "எட்டு ஏறினது பிள்ளை, நான் பாத்தனான். எனக்கு ஏன் சைபர்? ஒருக்கா வந்து சொல்லு."

"டெர்மின் இருக்கு சித்தப்பா. அடுத்த கிழமை வாறன்."

நேரம் குறித்த டெர்மினும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அன்று இரவு பன்னிரண்டாம் பக்கத்தை நான்கு தரம் வாசித்தேன். தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. முதலாளியைக் கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார். ஜெர்மனியில் எல்லாக் கேள்விக்கும் பொருந்துகிற பதில் அது. அதையே சித்தப்பாவிடம் போய்ச் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அதனால் போகவில்லை.

பிறகு சித்தப்பாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடினார்கள். ஆஸ்பத்திரியில் இருந்து இரண்டாவது தரம் எடுத்தார். அப்போதும் நான் அடுத்த கிழமை என்றேன். மூன்றாவது தரம் எடுத்தபோது குரல் மெலிந்திருந்தது. "எனக்கு இப்ப நல்லா நேரம் கிடக்கு பிள்ளை. நீ வசதியான நேரம் வா" என்றார்.

ஒன்பது நாள் கழித்துப் போனேன். மருந்து மயக்கத்தில் நித்திரையாக இருந்தார். பக்கத்தில் ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்தேன். லிப்டில் இறங்கும்போது எனக்கு வந்தது கவலை இல்லை, நிம்மதி. எழும்பியிருந்தால் கேட்டிருப்பாரே. இந்தக் கதையில் வடையை விட எனக்கு அதிகம் வெட்கம் தருவது அந்த லிப்டுதான். நான்காம் நாள் சித்தப்பா போய்விட்டார்.

இங்கே செத்தவருக்கும் டெர்மின் எடுக்கவேண்டும். பதினோராம் நாள்தான் தகனத்துக்கு இடம் கிடைத்தது. எட்டாம் நாள் செய்யவேண்டிய எட்டுச்செலவை அது முடிந்து வந்த சனிக்கிழமை செய்தார்கள். செத்தவருக்குப் பிடித்த சாப்பாடெல்லாம் சமைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலையில் படைத்து, அவர் வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் வெளியே நிற்பார்கள். கதவு திறந்து கும்பிட்ட பிறகுதான் மற்றவர்கள் சாப்பிடலாம். அதற்கு முன்னால் அந்தச் சாப்பாட்டில் யாரும் வாய்வைக்கக்கூடாது. இதெல்லாம் எனக்குத் தெரியாததல்ல.

மூன்று அறை வீட்டில் நாற்பது பேர். படுக்கையறையில் சித்தப்பாவின் படம், அதன் முன்னால் வெறும் இலை, சுற்றிவர ஆட்டிறைச்சியும் மீன்குழம்பும் கால் கிளாஸ் விஸ்கியும். ஒரு பெரிய தட்டம் நிறைய உழுந்து வடை. சித்தி வந்துதான் படைக்கவேண்டும். நான் குத்துவிளக்குக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தேன். மூன்று சிநேகிதர்களும் சுவரோரமாக நிலத்தில் இருந்தார்கள்.

"பிள்ளை, இப்ப கேக்கக்கூடாதுதான்" என்று தொடங்கினார் யோகன் மாமா. (இப்படித் தொடங்குகிறவர்கள் கேட்காமல் விடுவதில்லை.) "எங்களுக்கும் சைபர்தானே வந்தது. என்ன நடந்ததெண்டு தவத்தைக் கேட்டால், வதனி வந்து சொல்லுவாள் எண்டுதான் கடைசி மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவன்."

தவம் என்பது சித்தப்பா. வதனி நான்.

நான் பதில் சொல்லுமுன் சித்தி வாசலில் வந்து நின்றார். கையில் அந்தக் கடிதம். "ஆசுப்பத்திரி மேசை லாச்சிக்குள்ள கிடந்தது" என்று என்னிடம் நீட்டினார். சைபருக்குப் பக்கத்தில் சித்தப்பா பென்சிலால் எழுதியிருந்தார்: எட்டு ஏறினது. எனக்கு ஏன் இல்லை?

"சனம் கதைக்குது, அவரை ஆரோ பேய்க்காட்டிப்போட்டினம் எண்டு" என்றார் சித்தி. "இந்த நாட்டுக்கு வந்து ஒருத்தரிட்டையும் ஏமாறாத மனுசன். எனக்குக் காசு வேண்டாம். கட்டின காசு குறையாமல் வருமெண்டு கடிதத்திலை கிடக்கு. என்ர மனுசன் மடையனோ, இல்லையோ? அதை மட்டும் சொல்லு."

அந்தக் கேள்விக்கு ஓம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் எனக்குள் இருந்த கந்தோர்க்காரி எழும்பிவிட்டாள். கையில் தாளும் இல்லை, பேனையும் இல்லை. பக்கத்தில் இருந்தது வடைத் தட்டம்.

"சித்தி, இதிலை கட்டுற காசு சந்தைக்குப் போகாது. அது வீட்டிலையே இருக்கும். அதுக்கு வாற வட்டியைத்தான் சந்தைக்கு அனுப்புறது. அது நிறையக் கொண்டும் வரலாம், வெறுங்கையோடையும் வரலாம்" என்று தொடங்கி, வடையில் கைவைத்தேன். "ஒரு வடை ஒரு வீதம் எண்டு வையுங்கோ. முதல் மாசம் சந்தை நாலு ஏறினது."

சித்தப்பாவின் இலையில் நான்கு வடை வைத்தேன்.

"ஆனால் ஏறுறதுக்கு ஒரு வரம்பு இருக்கு. ஒரு மாசத்துக்கு ரெண்டுக்கு மேலை எங்கட கணக்கிலை சேராது. மிச்சம் கொம்பனியின்ர பக்கம்." இரண்டைத் திருப்பி எடுத்தேன். கொம்பனிக்கு வைக்க வேறு இலை இல்லை. யோகன் மாமாவிடம் கொடுத்தேன். "நீங்கள் கொம்பனி."

யோகன் மாமா பிரசாதம் வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கினார்.

அந்த வருடத்தில் எட்டு மாதம் ஏற்றம். மாதம் மாதமாக வடை வைத்து, வரம்புக்கு மேலே போனதை எடுத்துக் கொடுத்தேன். ஏறியது மொத்தம் இருபத்துநான்கு. இலையில் நின்றது பதினைந்து, கொம்பனியிடம் ஒன்பது. வாசலில் சனம் கூடத் தொடங்கியிருந்தது. எனக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக நான் சொல்வதை இத்தனை பேர் வாய் பேசாமல் கேட்கிறார்கள்.

"இனி இறங்கின மாசம் நாலு. இறங்குறதுக்கு வரம்பு இல்லை. இறங்கினது முழுசாக் கழியும்."

முதல் மாதத்துக்கு ஐந்தை எடுத்துத் தட்டத்தில் திருப்பிப் போட்டேன். அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று. இலையில் மிஞ்சியது மூன்று வடை. கடைசி மாதத்துக்கு நான்கு எடுக்கவேண்டும். மூன்றையும் எடுத்தேன். இன்னொன்றுக்குக் கை நீட்டினேன், இல்லை.

"ஒண்டு காணாது" என்றார் யோகன் மாமா.

"அந்த ஒண்டைக் கொம்பனி பொறுக்கும். அதுதான் சைபருக்குக் கீழை போகாது எண்டு நான்..."

அங்கே என் வாய் நின்றது. ஏற்றத்தை வெட்டுகிறார்கள், இறக்கத்தை வெட்டுவதில்லை. பன்னிரண்டு மாதத்தையும் கூட்டிப் பார்த்தால் சந்தை எட்டு ஏறிய வருடத்திலும் சித்தப்பாவுக்கு ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் பக்கம் எனக்கு முதல் தடவையாக விளங்கியது அந்த நேரத்தில்தான். என் கை முழுக்க எண்ணெய். முன்னால் சித்தப்பாவின் இலை, ஒரு வடைகூட இல்லாமல்.

"எடியே, அது படைக்கிற வடையடி" என்று அம்மா வாசலில் நின்று மெதுவாகச் சொன்னார்.

எல்லாரும் யோகன் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்பது வடை இருந்த கையில் ஏழுதான் இருந்தது. கொம்பனி இரண்டைச் சாப்பிட்டிருந்தது. மூன்றாவது வாய்க்குப் போகும் வழியில் நின்றது. மனுசன் காலையில் இருந்து பட்டினி, சீனி வருத்தம் வேறு. அவரையும் குற்றம் சொல்ல ஏலாது.

சித்தி வடையைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "இந்த வரம்பு விசயத்தைக் கையெழுத்துக்கு முன்னம் அவருக்குச் சொன்னனியோ?"

"இல்லை சித்தி."

"ஏன்?"

"எனக்கே இப்பதான் விளங்குது."

பின்னால் யாரோ இருமினார்கள். நிலம் பிளந்தால் நல்லது என்று நினைத்தேன். மூன்றாம் மாடி, பிளந்தாலும் கீழ்வீட்டு ஜெர்மன்காரியின் குசினிக்குள்தான் விழுந்திருப்பேன்.

சித்தி சிநேகிதர்களின் பக்கம் திரும்பினார். "கேட்டியள்தானே. அவர் மடையன் இல்லை. இவள்தான் விளங்காமல் வித்திருக்கிறாள்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. எத்தனையோ நாளாகப் பிடித்துவைத்திருந்த மூச்சை விட்டதுபோல இருந்தது. அந்த மூச்சை ஒரு மாதத்துக்கு முன்னால் சித்தப்பா விட்டிருக்கலாம். அதற்கு நான் ஒருநாள் போய், எனக்கு விளங்கவில்லை சித்தப்பா என்று சொல்லியிருந்தால் போதும்.

அதோடு முடியவில்லை. ஒருவர் வாய்வைத்தால் முழுத் தட்டமும் எச்சில்தான், அதைப் படைக்க ஏலாது. வடை இல்லாமல் படைக்கவும் சித்தி சம்மதிக்கவில்லை, சித்தப்பாவுக்கு வடை என்றால் உயிர். உழுந்து புதிதாக நனையப் போட்டு, ஊறி, அரைத்து வர மூன்று மணித்தியாலம். நாற்பது பேரும் ஆட்டிறைச்சி வாசத்தை முகர்ந்துகொண்டு பசியோடு இருந்தார்கள். யார் சுடுவது என்று கேட்டபோது சித்தி என்னைக் காட்டினார். நான் அதுவரை வடை சுட்டதில்லை. முதல் ஐந்தும் கல்லு. ஓட்டை போடத் தெரியாமல் விரலைச் சுட்டுக்கொண்டேன். சின்னப் பிள்ளைகள் குசினி வாசலில் வரிசையாக நின்று பார்த்தார்கள்.

சித்தி படைத்தார், சாம்பிராணி காட்டினார். கதவைச் சாத்த முன்னால் என்னை உள்ளே பிடித்துத் தள்ளினார். "அவர் கேட்டதை அவருக்கும் சொல்லிப்போட்டு வா" என்றார். படத்துக்கு முன்னால் இருந்து மாதம் மாதமாக எல்லாவற்றையும் சொன்னேன். முடிக்க முன்னமே அழுதுவிட்டேன். வெளியே யோகன் மாமா, "உவள் இன்னும் மாசி மாசத்திலைதான் நிக்கிறாள் போல" என்று சொன்னது கதவுக்குள்ளால் கேட்டது. (எங்களுக்கு மாசி என்றால் பெப்ரவரி, வருடத்தின் இரண்டாம் மாதம்.)

அந்த வசனம்தான் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. யாராவது கதையை இழுத்தால், "இன்னும் மாசியிலையோ?" என்பார்கள். உடைந்த வடையைக் கண்டால், "கொம்பனி கடிச்சிட்டுது" என்பார்கள். என் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக்காரருக்குப் பலகாரத் தட்டம் கொடுக்க என்னை விடவில்லை. நான் இன்றும் காப்புறுதிதான் விற்கிறேன். ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்துதான் தொடங்குவேன். பாதிப்பேர் எழும்பிப் போய்விடுவார்கள்.

ஒவ்வொரு வருடமும் சித்தப்பாவின் திவசத்துக்கு முதல்நாள் சித்தி எனக்குத் தொலைபேசி எடுப்பார். "உழுந்து நனையப் போட்டிட்டன். வந்து சுடு." வடை என் வேலை. சுட்டு முடிந்ததும் படத்துக்கு முன்னால் போய், அந்த வருடம் சந்தை எவ்வளவு ஏறியது, கொம்பனி மற்றவர்களுக்கு எவ்வளவு கொடுத்தது என்று சொல்லவேண்டும். பிள்ளைகளுக்கு இது பெரிய பகிடி. கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

இந்த வருடமும் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். சித்தி தேத்தண்ணியோடு நின்றார்.

"என்னவாம்?" என்று கேட்டார்.

நானும் பகிடியாக, "ஒரு கேள்வியும் கேக்கேல்லை சித்தி" என்றேன்.

சித்தி தேத்தண்ணியை என் கையில் தந்தார். "நீ சொன்னால் அவர் கேள்வி கேக்கமாட்டார்" என்றார். "கையெழுத்து வைக்கேக்குள்ளயும் அப்பிடித்தானே இருந்தவர்."