தச்சரின் கொள்கைக் கால்

"அவனவன் உடம்புக்கு அவனவன்தான் பொறுப்பு. ஓசி மருந்து மனுஷனைச் சோம்பேறியாக்கும். செத்தாலும் அந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்!"

டீக்கடை பெஞ்சில் ஓங்கி அடித்து இப்படிச் சபதம் செய்தவர் தச்சர். தெருமுனையில் ஆளுங்கட்சிக்காரர்கள் இலவச அரசு ஆஸ்பத்திரி திறந்த அன்று அது. தச்சர் எதிர்க்கட்சி. பெஞ்சே கை தட்டியது.

ஆணிக்கு அரசியல் தெரியுமா? பட்டறையில் பழைய கதவுச் சட்டத்திலிருந்த துருப்பிடித்த ஆணி ஒன்று, செருப்பைத் துளைத்து அவர் உள்ளங்காலில் ஏறிவிட்டது. பழந்துணியைச் சுற்றிக்கொண்டு இழைப்புளியைத் தள்ளினார். இரண்டு நாளில் கால் சுரைக்காயாக வீங்கியது. கணுக்காலைத் தாண்டிச் சிவப்பு ஏறியதும் மனைவி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"ஏங்க, காலையே எடுக்கிற மாதிரி ஆயிடும். தெருமுனைதானே? போய் ஒரு ஊசி போட்டுக்கிட்டு வாங்க."

"கால் போனாலும் கொள்கை போகாது."

"கொள்கைமேல நின்னுக்கிட்டா பலகை அறுப்பீங்க?"

"காசு கொடுத்துப் பெரிய டாக்டர்கிட்டப் போவேன்."

"எப்ப?"

"காசு வந்ததும்."

அழுதாள், திட்டினாள். காரியம் ஆகவில்லை. சாயங்காலம் தம்பி வீடு வரைக்கும் போய்விட்டு வந்தாள். அந்த மச்சான் ஆளுங்கட்சி. தச்சருக்கும் அவனுக்கும் எலியும் பூனையும்.

மறுநாள் காலையில் அவள் முகம் தெளிந்திருந்தது.

"நீங்க சொன்னதுதாங்க சரி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம்."

தச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. 'நீங்க சொன்னதுதான் சரி' என்பதைக் கல்யாணமான நாளாய் அவர் கேட்டதே இல்லை.

"ஏன், என்னாச்சு?"

"போனாலும் உங்களை உள்ளே விட மாட்டாங்களாம். தம்பிதான் சொன்னான்."

"யாரை? என்னையா?"

"உங்க கட்சிக்காரங்க ஒருத்தருக்கும் ஊசி கிடையாதாம். நமக்கென்ன? அவனவன் உடம்பு, அவனவன் பொறுப்பு."

"அடியே, அது என்ன உன் தம்பி வீட்டுக் கூடமா? நான் வரி கட்டலை? இது அடக்குமுறை! பழிவாங்கல்!"

"கத்தாதீங்க, கால் வலிக்கும். படுங்க."

"படுக்கிறதாவது! எடு சட்டையை!"

சட்டை அவள் கையிலேயே இருந்தது. ஊன்றிக்கொள்ளக் கம்பும் இருந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று கம்பால் தரையைத் தட்டினார் தச்சர்.

"வந்திருக்கேன்! தைரியமிருந்தா வெளியே தள்ளுங்க!"

நர்ஸம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளே வாங்க ஐயா."

தச்சர் தயாராக வைத்திருந்த அடுத்த முழக்கம் வீணாய்ப் போனது.

"நான் யாருன்னு தெரியுமில்ல?"

"கால் வீங்கினவரு. இப்படி உட்காருங்க, முதல்ல உங்களைத்தான் பார்க்கணும்."

"ஓகோ! முதல்லயே கூப்பிட்டு ஒழிச்சுக்கட்டப் பார்க்கிறீங்களா?"

"இங்கே வந்ததிலேயே உங்க கால்தான் மோசமா இருக்கு. அதான்."

டாக்டர் சீழை எடுத்தார். கட்டுப் போட்டார். ஊசி ஏறியதும் தச்சர் அலறினார்.

"எங்க கட்சிக்குன்னு தனி ஊசி வச்சிருக்கீங்களா?"

"எல்லாருக்கும் இதே ஊசிதான். எல்லாக் கட்சியும் இப்படித்தான் கத்துது" என்றார் டாக்டர். "இன்னைக்கு வந்தீங்க, கால் தப்பிச்சுது. நாளைக்கும் கட்டு மாத்த வாங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் தச்சருக்குக் குழப்பம். உள்ளே விட்டுவிட்டார்களே, இதில் ஜெயித்தது யார்? அடக்குமுறையை முறியடித்தோமா, அடங்கிப்போனோமா? போட்டுக்கொண்டது உரிமை ஊசியா, ஓசி ஊசியா? டீக்கடைக்காரன் பார்த்துவிடாமல் எந்தச் சந்து வழியாகப் போவது? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. அது மருந்தின் வேலையாகவும் இருக்கலாம்.

மனைவி வாசலில் நின்றிருந்தாள்.

"ஜெயிச்சுட்டேன்!" என்றார் தச்சர். "என் குரலைக் கேட்டதும் ஒருத்தனும் தடுக்க வரலை. நடுங்கிட்டானுங்க."

"நடுங்காம?" என்று கம்பை வாங்கி மூலையில் சாத்தினாள். "ஆனா, நாளைக்குக் கட்டு மாத்த உங்களை உள்ளே விடவே மாட்டாங்களாம்."

கட்டு மாற்றுவதைப் பற்றி அவர் இன்னும் வாயையே திறக்கவில்லை. அவளைப் பார்த்தார். அவள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தச்சர் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார்.

"எத்தனை மணிக்கு விட மாட்டாங்களாம்?"