சுருங்கிப்போன ஏழு பூக்கள்

வக்கீலின் பேப்பர்வெயிட் கைநழுவி, தரையில் உருண்டு, பீரோ காலில் முட்டி நின்றபோது, குமாஸ்தா கண்ணைத் திறக்கவே பயந்தார்.

எதையும் நோண்டிப் பார்க்கும் குணத்தால் கோர்ட்டில் அவருக்கு 'ஆராய்ச்சி' என்று பெயர். அந்தப் பேப்பர்வெயிட் நூற்றைம்பது வருடப் பழைய கண்ணாடி உருண்டை. உள்ளே நீலமும் சிவப்புமாய் ஏழு பூக்கள். இவ்வளவு பெரிய பூவை எப்படித்தான் உள்ளே வைத்தார்கள்? வக்கீல் வெளியே போன நேரம் பார்த்துக் கையிலெடுத்ததுதான் வினை.

உடையவில்லை. ஆனால் உச்சியில் ஆழமாய் ஒரு கீறல்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு ஓடினார். லென்ஸ் தேய்ப்பவர் தேய்த்துக் கொடுத்ததில் கீறல் போனது. கூடவே நடுப்பூ கடுகாய்ச் சுருங்கியிருந்தது.

"யோவ், பூவை என்னய்யா பண்ணினே?"

"பூவை யாரு சார் தொட்டா? கலர் கண்ணாடிக் குச்சிங்களைச் சேத்து உருக்கி, நீளமா இழுத்து, வெள்ளரிக்கா மாதிரி வில்லை வில்லையா நறுக்கினதுதான் ஒவ்வொரு பூவும். நிஜத்துல இத்துனூண்டு. மேல குவிஞ்சிருக்கிற கண்ணாடிதான் பெருசாக் காட்டுது. தேய்ச்சா தட்டையாயிடும்ல?"

ஆராய்ச்சிக்கு ஒரு கணம் பயமே மறந்துபோனது. "அடேயப்பா, என்னா மூளை!" பிறகுதான் வக்கீல் முகம் நினைவுக்கு வந்தது. "ஒண்ணு மட்டும் சின்னதா இருந்தா மாட்டிக்குவேன். எல்லாத்தையும் ஒரே மாதிரி ஆக்கிடுய்யா."

ஆக்கிக் கொடுத்தார். ஏழும் கடுகு.

மறுநாள் வக்கீல் கண்ணைக் கசக்கினார். "என்னய்யா, பூவெல்லாம் சின்னதாத் தெரியுது?"

"எனக்குப் பெருசாத்தான் சார் தெரியுது! எதுக்கும் கண்ணை ஒருதரம் காட்டிடுங்களேன்."

வக்கீல் காட்டினார். டாக்டர் ஏதேதோ சோதித்துவிட்டு, புதுக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார். அதைப் போட்டும் பூ வளரவில்லை. வக்கீல் கேஸ் கட்டுகளையெல்லாம் மூட்டை கட்டினார்.

"கண்ணு போனப்புறம் எனக்கெதுக்குய்யா கோர்ட்டு? ஆபீஸை மூடிடறேன்."

ஆராய்ச்சி ஓடிவந்து மூட்டையைப் பிடித்துக்கொண்டார். "சார், உங்க கண்ணு நல்லாத்தான் இருக்கு. நான்தான்..." என்று கீறல் முதல் கடுகு வரை கொட்டித் தீர்த்தார்.

வக்கீல் எட்டி அவர் சட்டைக் காலரைப் பிடித்தார். "எங்க தாத்தா வச்சிருந்ததுய்யா அது! உன்னை..."

போன் அடித்தது. காலரை விடாமல், மறுகையால் ஸ்பீக்கரைத் தட்டினார். கண் டாக்டர்.

"நல்லவேளை வந்தீங்க சார்! அன்னிக்கு எடுத்த டெஸ்ட் ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு, கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறியிருக்கு. இப்பவே பாத்ததால சொட்டு மருந்துலயே அடக்கிடலாம்; இன்னும் ஒரு வருஷம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும். உங்களை வரச் சொன்னது குமாஸ்தான்னீங்கல்ல? அந்த ஆளை மட்டும் விட்டுடாதீங்க!"