கடைசி பஸ்ஸும் ஐந்தாம் தேவ இரகசியமும்

பக்தி உள்ளவனோடு காலம் தள்ளிவிடலாம். பக்தி புதிதாக வந்தவனோடு ஒரே வீட்டில் இருப்பது பெரிய தலையிடி. யாரையோ பார்த்து இதைச் சொல்லவில்லை. அந்தத் தலையிடியே நான்தான்.

எனக்கு அப்போது முப்பது வயது. மன்னார்ப் பட்டினத்தில் ஒரு கந்தோரில் வேலை; வீடு தலைமன்னார் ரோட்டில் நாலைந்து மைல் தள்ளி. ஐயா காலமாகிவிட்டதால் அம்மாவுக்கும் தங்கச்சி ரீற்றாவுக்கும் நானே பொறுப்பு. (அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டை நடத்தியது ரீற்றா. நான் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணி கேட்பேன்.)

அந்த வருடம் கோயிலில் நடந்த மூன்று நாள் செபத் தியானத்துக்குப் போனேன். தியானம் கொடுத்த சாமியார் நல்ல மனிதர். "அவசரப்படாதேங்கோ. எதைச் செய்தாலும் மனசை வைச்சுச் செய்யுங்கோ" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைவண்ணம்.

வீட்டுக்கு வந்த கையோடு கொப்பித் தாள் ஒன்றைக் கிழித்து, அவசரமில்லாத கிறிஸ்தவ வாழ்க்கைக்கு ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினேன். (அவசரமில்லாத வாழ்க்கைக்கு நேரசூசி! அதிலுள்ள கோமாளித்தனம் எனக்கு விளங்கப் பல வருடம் பிடித்தது.) சுவர் மணிக்கூட்டை நிறுத்தினேன், இனிமேல் கோயில் மணிதான் எங்கள் மணி. ஒரு வாய் சோற்றை முப்பது தரம் மென்றேன். சோற்றுக் கோப்பையைக் கழுவ வழியில்லாமல் அம்மா எதிரே நின்று பெருமூச்சு விட்டார். யார் எதைக் கேட்டாலும் மனதுக்குள் ஆறுதலாகப் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

"தம்பி, வேலிக்குள்ள ஆடு பூந்திட்டுது, கலைச்சுவிடு!" என்று அம்மா கத்துவார். நான் ஒன்று, இரண்டு என்று தொடங்கிப் பத்துக்கு வரும்போது வீட்டில் கறிவேப்பிலை மரமே இருக்காது.

எல்லாவற்றையும்விடக் கொடுமை என் செபமாலை. எங்கள் வீட்டில் அதுவரை இருபது நிமிடத்தில் முடிந்த செபமாலையை நான் ஒன்றரை மணித்தியாலம் ஆக்கினேன். ஒவ்வொரு மந்திரத்துக்கும் நடுவில் ஒரு நீண்ட மூச்சு. பத்துப் பத்து மந்திரமாக ஐந்து தேவ இரகசியம்; ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒருவர் ஒரு கருத்தைச் சொல்லி மன்றாட வேண்டும். அதைப் பற்றி நான் தியானம் சொல்வேன். எல்லாம் முழங்காலில், கண்ணை மூடி, பராக்கில்லாமல்.

இந்த இலட்சணத்தில்தான் ரீற்றாவுக்கு, மன்னார்ப் பாலத்துக்கு அப்பாலுள்ள வங்காலையிலிருந்து சம்பந்தம் வந்தது. அதற்கு முதல் இரண்டு இடம் சரிவந்து சரிவந்து குழம்பிப் போயிருந்தன. மாப்பிள்ளை அன்ரனை அவள் மடு மாதா திருவிழாவில் கண்டிருக்கிறாள். கிணற்றடியில் நின்ற பெண்களுக்கெல்லாம் அவன் தண்ணீர் அள்ளிக் கொடுத்தானாம். அன்றையிலிருந்து பிள்ளைக்கு அதே நினைவு. அவர்கள் பெண் பார்க்க வருவதற்கு முதல்நாள் அவள் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, இந்தக் கலியாணம் எனக்கு வேணும். விளங்குதே? நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும் சாதாரண மனுசனா இருங்கோ. காலைப் பிடிச்சுக் கேக்கிறன்."

நான் பத்து வரை எண்ணினேன். ஆறாவதிலேயே அவள் திரும்பிப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு மாப்பிள்ளையும் தாயும் தகப்பனும் வந்தார்கள். தகப்பன் சவிரிமுத்தர் ஆறடி ஆள். நாற்பது வருடம் கரைவலை இழுத்தவர். இடது முழங்கால் இலேசில் மடங்காது. ஏழு மணிக்கு எங்கள் ரோட்டால் போகும் கடைசி பஸ்ஸைப் பிடித்தால்தான் அவர்கள் வீடு போய்ச் சேரலாம். பேச்சு முடிவதற்கு முன்னால் பெண் வீட்டில் இரவு தங்குவது மரியாதையுமில்லை.

கதை சுமுகமாகத்தான் தொடங்கியது. பிறகு சவிரிமுத்தர் என்னைப் பார்த்து, "பிள்ளைக்கு வருத்தம் கிருத்தம் ஒண்டும் இல்லைத்தானே, தம்பி?" என்றார்.

நான் கண்ணை மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்று.

மாப்பிள்ளையின் தாய் கோப்பையை மேசையில் வைத்த சத்தம் கேட்டது. "ஐயோ, இல்லை! ஒரு தடிமன்கூட வாறேல்லை!" என்று அம்மா அலறினார். நான் பத்தை முடித்து, "இல்லை" என்றேன். அதற்குள் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்த பார்வையில் ரீற்றாவுக்குக் குறைந்தது இரண்டு நோய் வந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தது. நான் எழுந்து பாயை விரித்து முழங்காலில் இருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் செபம் தொடங்கினால் வந்தவர்களும் சேர்ந்து முழங்காலில் இருப்பதுதான் வழக்கம். "ஐயா, நீங்கள் கதிரையில இருங்கோ" என்று அம்மா கெஞ்சினார். சம்பந்தம் பேச வந்த வீட்டில் பக்தி குறைந்தவராகத் தெரிய சவிரிமுத்தர் விரும்பவில்லை. "சேச்சே, பரவாயில்லை" என்று இறங்கினார். முழங்கால் கடகடவென்று சத்தம் போட்டது. வந்தவர்கள் இருபது நிமிடக் கணக்கில் இருந்தார்கள், பாவங்கள்.

முதலாம் இரகசியம். அம்மா கருத்துச் சொன்னார்: "தூர இடத்திலயிருந்து வந்து, நேரத்தோட திரும்பிப் போகவேண்டிய எல்லாருக்காகவும் மன்றாடுவோம்."

எனக்கு மெய் சிலிர்த்தது. என் அம்மாவுக்கு இப்படி ஒரு ஞானமா! பிரயாணம் செய்யும் மக்கள் எல்லாரையும் பற்றித் தியானம் சொன்னேன். மூன்று இராசாக்களின் பயணத்தையும் விடவில்லை.

இரண்டாம் இரகசியத்துக்குச் சவிரிமுத்தரே பல்லைக் கடித்தபடி சொன்னார்: "முழங்கால் வருத்தத்தால அவதிப்படுற ஆக்களுக்காக."

"அவர்களுடைய வேதனையில் நாமும் பங்குகொள்ள ஒரு நிமிடம் அசையாமல் முழங்காலில் இருப்போம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமைக்குரிய இரண்டாம் மகிமை இரகசியத்தில் நினைப்பது ஆண்டவர் விண்ணேறிப் போனதை. இந்த மனிதருக்கோ பாயைவிட்டு எழும்பவே வழியில்லை.

மூன்றாவது, மாப்பிள்ளையின் தாய். "கடைசி பஸ் ஓட்டுற றைவருக்காக. அந்தப் பிள்ளை இண்டைக்கொரு நாள் கொஞ்சம் பிந்தி வரவேணும், மாதாவே!"

பார்த்தீர்களா, என் வழிக்கு உலகமே வருகிறது என்று நினைத்தேன். தாமதம் என்னும் வரத்தைப் பற்றி உருகி உருகிப் பேசினேன். குசினியில் பால் பொங்கிக் கருகும் மணம் வந்தது. பராக்கு என்று ஒதுக்கினேன்.

நான்காவதுக்கு ரீற்றாவின் குரல். "செவியிருந்தும் கேளாத ஒரு அண்ணனுக்காக மன்றாடுவோம்."

சத்தியமாகச் சொல்கிறேன், எந்தச் சிநேகிதியின் அண்ணனோ, பாவம், என்றுதான் நினைத்தேன். அந்தக் காது கேளாத மனிதனுக்காகக் கண்ணீர்கூட வந்தது.

அந்தப் பத்தின் நடுவில் ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. செபம் பாதியில் நின்றது. மாப்பிள்ளையின் தாய் "யேசுவே!" என்றார். அதையும் பக்தி என்றே எடுத்துக்கொண்டேன். கண் திறக்கவில்லை. என்னைக் கட்டி வைத்து அடித்திருக்க வேண்டும்.

அப்போதுதான் ரீற்றா எழும்பினாள். செபமாலை நடுவில் எழும்புவது எங்கள் வீட்டில் கேள்விப்படாத காரியம். வாசல் கதவு அடித்துச் சாத்தப்பட்டது. சற்று நேரத்தில் வெளியே ஒரு லொறி வந்து நின்றது. எருக்கலம்பிட்டியிலிருந்து பின்னேரங்களில் கருவாடு ஏற்றிப் போகும் நானாவின் லொறி. எங்களுக்கு நன்கு பழக்கமான முஸ்லிம் மனிதர். ரீற்றா நடு ரோட்டில் கையை விரித்து நின்று மறித்திருக்கிறாள்.

"நானா வங்காலையில கொண்டுபோய் இறக்கிவிடுறாராம். எழும்புங்கோ மாமா" என்றாள்.

மாமா! பேச்சே முடியவில்லை, மாமாவாம். அந்தச் சொல்லில்தான் நான் கண் திறந்தேன். சவிரிமுத்தர் பாயில் ஒரு பக்கம் சரிந்து, முகமெல்லாம் வியர்த்துக் கிடந்தார். எனக்கு ஒரு முழம் தள்ளி! ரீற்றா ஒரு கையில் பிடித்தாள், அன்ரன் மறு கையில் பிடித்தான். "மெதுவா, மெதுவா. இந்தக் கால்தான் நோகும்" என்றான் அவன். அன்று முழுக்க அவன் பேசியது அது ஒன்றுதான். இரண்டு பேருமாக அவரைத் தூக்கி நிறுத்தி, படி படியாக இறக்கி, லொறியின் முன்பக்கத்தில் ஏற்றினார்கள். பட்டுச் சேலையோடு வந்த தாய் அவரோடு நெருக்கிக்கொண்டு இருந்தார். மாப்பிள்ளை பின்னால் கருவாட்டுச் சாக்குகளின் மேல்.

நான்? நான் இன்னும் முழங்காலில்தான். "ஐந்தாம் இரகசியம்..." என்றேன். ரீற்றா வாசலில் நின்று திரும்பிப் பார்த்தாள். "அதை நீங்களே வைச்சிருங்கோ, அண்ணை" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அவள் அழுத சத்தம் கேட்டபோதுதான், அந்த நான்கு கருத்தும் யாருக்குச் சொல்லப்பட்டவை என்று ஒவ்வொன்றாக விளங்கியது. எனக்கு வெட்கத்தில் உயிரே போனது. அன்றிரவு சுவர் மணிக்கூட்டுக்குச் சாவி கொடுத்தேன்.

அடுத்த நாள் காலை நானா வாசலில் லொறியை நிறுத்தினார். அம்மா செத்த முகத்தோடு போனார்.

"ஏன் அழுறீங்க? காரியம் சரி" என்றார் நானா. "பாலம் தாண்டுமட்டும் பெரியவர் முனகிக்கொண்டே வந்தார். பொறகு காலைத் தடவிக்கொண்டு சிரிக்கத் தொடங்கிட்டார். அந்த வீட்டில மூளை முழுக்கப் பொம்பிளப் புள்ளைக்குத்தான் போயிருக்கு, அவளை விடக்கூடாது எண்டு சொன்னார். ஒரேயொரு கண்டிசன். கலியாண வீட்டில தமையன் செபம் சொல்லக்கூடாதாம்."

அப்படியே நடந்தது. கலியாணத்தில் எனக்குத் தந்த வேலை, மாப்பிள்ளை வீட்டாரை நேரத்துக்குப் பஸ்ஸில் ஏற்றிவிடுவது.

அதன்பிறகு முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. நான் எதற்காவது பிந்திப் போனால் இன்றும், "என்ன, அஞ்சாம் இரகசியம் முடிஞ்சுதோ?" என்றுதான் கேட்பார்கள். இப்போது என் முழங்காலும் மடங்காது. போன ஞாயிறு வங்காலையில் ரீற்றா வீட்டில் செபமாலை. எனக்கு அவளே ஒரு கதிரையை இழுத்துப் போட்டாள். நாலு பத்து முடிந்ததும் அன்ரன் என்னைப் பார்த்தார். "மச்சான், அஞ்சாவதை நீங்கள் சொல்லுங்கோ" என்றார். கலியாணத்துக்குப் பிறகு என்னைச் செபம் சொல்லச் சொன்னது அதுதான் முதல் தடவை.

செபமாலையைக் கையில் எடுத்தேன். கண்ணை மூடப்போனவன் நிறுத்தி, சுற்றியிருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

"ஆருக்கும் பஸ் இருக்கோ?" என்று கேட்டேன்.

ரீற்றாதான் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். அன்றைக்கும் ஐந்தாம் இரகசியம் முடியவில்லை.