பச்சை நாள் காலண்டர்

சாந்தா பிபியானா என்ற ஊரின் சுகாதார நிலையத்தில் ஒரு திங்கட்கிழமை காலை கருத்தடை மாத்திரை நின்றுபோனது. அலமாரியைப் பூட்டி, பூட்டுக்கு மேல் மாதா படத்தையும் ஒட்டியாயிற்று. இனி அதைத் திறக்க யாருக்குக் கை வரும்?

காலி மாத்திரை அட்டையோடு வந்து நின்றாள் மரிசெல். அவளுடைய ஐந்து பிள்ளைகளும் ஒரே பாயில் படுக்கின்றன. கடைக்குட்டியின் கால் தரையில்தான் கிடக்கிறது. ஆறாவதுக்குப் பாயிலும் இடமில்லை, பானையிலும் சோறில்லை. அந்த ஆறாவது வந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் கவலை.

"மாத்திரை கிடையாதுடி," என்றாள் மருத்துவச்சி நிதா. "மேயர் உத்தரவு. இனிமே இயற்கை முறைதான். இந்தா, காலண்டர்."

காலண்டரில் மேயர் ருபர்தோ சிரித்தார், பங்குத்தந்தை ஆசீர்வதித்தார். கீழே சில தேதிகளுக்கு மட்டும் பச்சை மை. 'மேற்படி பச்சை நாட்களில் தம்பதியர் அச்சமின்றி இல்லறம் நடத்தலாம். ஏனைய நாட்களில் ஜெபமாலை சொல்லவும்.'

"ஏன் நிதாக்கா, ஊருல இருக்கிற எல்லாப் பொம்பளைக்கும் ஒரே நாளா?"

"அதைத்தான் நானும் கேட்டேன். 'ஊருக்கே ஒரே நேரத்துல தண்ணி விடறேன், ஒரே நாள்ல குப்பை அள்ளுறேன். இவ்வளவு ஒழுங்கான நிர்வாகத்துல பொம்பளைங்க உடம்பு மட்டும் இஷ்டத்துக்கு நடக்கலாமா'ன்னு என்னையே திருப்பிக் கேக்குறாரு."

நாள் குறிக்க ஒரு குழு உட்கார்ந்ததாம். அதில் பெண்கள் இல்லை. கூச்சப்படுவார்களே என்ற நல்லெண்ணம்தான். ஞாயிறு பூசை, புதன் நவநாள், வெள்ளி ஒருசந்தி விரதம், புனிதர்களின் திருநாட்கள் எல்லாவற்றையும் கழித்ததில், மாத நடுவில் சில நாட்கள் மிஞ்சின. எந்தப் புனிதரும் ஆட்சேபிக்காததால் அவற்றுக்குப் பச்சை அடித்துவிட்டார்கள்.

மரிசெலின் புருஷன் டோடோங் வாடகை ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன். ஒருவழிப் பாதை, சிவப்பு விளக்கு எதையும் அவன் மதித்ததில்லை. இந்தக் காலண்டரை மட்டும் தலைமாட்டில் ஆணியடித்து மாட்டினான்.

"மரிசெல், இன்னிக்குப் பச்சை!"

"பச்சையும் இல்ல, மஞ்சளும் இல்ல. தள்ளிப் படு."

"மேயரே கையெழுத்துப் போட்டிருக்காருடி!"

மழைக்காலம் முடிவதற்குள் வயிற்றில் ஆறாவது என்று தெரிந்துவிட்டது. மரிசெல் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். தேற்ற வந்தவர்களும் அழுதார்கள். வரிசையில் நின்ற முக்கால்வாசிப் பேருக்கும் அதே சேதி என்பது அப்போதுதான் வெளிவந்தது.

விசாரணைக் கூட்டம் கூடியது. மேயர் காலண்டரைத் தூக்கிக் காட்டினார். "நல்லா சரிபார்த்தாச்சு. பிப்ரவரிக்குக்கூட நாள் சரியா இருக்கு. எங்க பக்கம் தப்பே இல்ல."

"அப்போ என் வயித்துப் பக்கம்தான் தப்பா, சார்?" என்றாள் மரிசெல்.

'நாட்காட்டி பிழையற்றது எனவும், மகளிர் அதற்கு ஒத்துழைக்கத் தவறினர் எனவும்' தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

ஊர்த் திருவிழாவை ஒட்டி ஒரே வாரத்தில் தெருத்தெருவாகத் தொட்டில் கட்டினார்கள். எல்லாருக்கும் ஒன்றாக ஞானஸ்நானம். எல்லாருக்கும் மேயரே ஞானத்தகப்பன். இத்தனை குழந்தைகள் ஒரே வாரத்தில் பிறந்தது அற்புதம் என்று பத்திரிகைகள் எழுதின. அவ்வளவுதான், பிள்ளையில்லாத தம்பதிகள் நாடெங்கிலுமிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். நகராட்சி காலண்டரை மறுபதிப்புப் போட்டது. தலைப்பு மட்டும் 'பிள்ளைவரக் காலண்டர்' என்று மாறியது. பச்சை நாட்கள் அதேதான்.

ஆறாவதை இடுப்பில் வைத்துக்கொண்டு கோயில் வாசலில் அந்தக் காலண்டரை விற்றாள் மரிசெல். வேறு என்ன செய்வாள்?

"நிஜமாவே பலிக்குமா அக்கா?" என்று மணிலாவிலிருந்து வந்தவள் கேட்டாள்.

"வேண்டவே வேண்டாம்னு மாட்டின எனக்கே பலிச்சுது. வேணும்னு மாட்டுற உனக்குப் பலிக்காதா?"

பக்தர்களை இறக்கிய பஸ் காலியாகத் திரும்புவதில்லை. ஊர்ப் பெண்கள் ஜெபமாலையும் கையுமாக ஏறிக்கொள்வார்கள், அடுத்த ஊர்க் கோயிலுக்கு. மேயரின் உத்தரவு ஊர் எல்லையோடு சரி. அந்தக் கோயிலுக்கு எதிரில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது.

காலண்டர் கடையை நிதாவிடம் விட்டுவிட்டு மரிசெலும் ஒருநாள் ஏறினாள். முன்சீட்டில் விசிறியால் முகத்தை மறைத்தபடி ஒரு அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால், மேயரின் மனைவி!

"நீங்களுமாம்மா?"

"என்ன பண்றது? எங்க வீட்டுலயும் அதே காலண்டர்தானே தொங்குது," என்றாள் அவள். "கொஞ்சம் தள்ளி உக்காரு. ஃபாதரோட தங்கச்சி ஏறுறா."